கோடீஸ்வரன் வீட்டுக் கதையும் நம் வீட்டுக் கணக்கும்



ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு மேல் நம் தெருக்களில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. முன்பு அது குழாயடியில் கூடியது. இப்போது கைப்பேசிக்குள் கூடுகிறது. இந்த நடிகர் ஏன் மனைவியைப் பிரிந்தார், அந்தக் கிரிக்கெட் வீரர் யாரோடு ஊர் சுற்றுகிறார், அந்தக் கோடீஸ்வரன் வீட்டுக்கு மருமகளாகப் போனவள் எப்படிப்பட்டவள் என்பவை அங்கே வரும் வழக்குகள். சாட்சியும் கிடையாது, வக்கீலும் கிடையாது. ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு. பத்துக்கு எட்டுத் தீர்ப்பு பெண்ணுக்கு எதிராகத்தான் இருக்கும்.

அந்த நீதிமன்றத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். ஓவர்டைம் முடித்து, கூட்டத்தில் நசுங்கி, கடைசி ரயிலில் வந்து இறங்கிய களைப்பில் நாமும் அந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆகவே இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதாகத்தான் எழுதுகிறோம்.

பழைய சரக்கு, புதிய கடை

இந்தக் கடை நேற்றுத் திறந்ததல்ல. 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘இந்துநேசன்’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கமும் பெரிய மனிதர்களின் அந்தரங்கமும்தான் அதன் சரக்கு. வாங்கிப் படிக்க ஆள் இருந்தது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் பாகவதர் பழைய இடத்துக்கு மீளவே இல்லை. 1959-இல் மறைந்தார்.

கொலை செய்தது யார் என்பது நிரூபணமாகவில்லை. ஒரு பத்திரிகைக்காரன் உயிர் போயிற்று. இரண்டு கலைஞர்களின் வாழ்வு நாசமாயிற்று. காலணா அரையணா கொடுத்து அந்த வம்பை வாங்கிப் படித்த வாசகனுக்கு என்ன போயிற்று? ஒன்றுமில்லை. மடித்து வைத்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தான். அந்த வாசகன்தான் இன்றைய நாம்.

விரல் விட்டு எண்ணிய மாதங்கள்

நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் 2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். அக்டோபர் 9 அன்று இரட்டைக் குழந்தைகளுக்குப் பெற்றோரானதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், தாராவி முதல் தூத்துக்குடி வரை எல்லோரும் விரல் விட்டு மாதம் எண்ணத் தொடங்கினோம். வாடகைத்தாய்ச் சட்டம் எந்த மாதம் அமலுக்கு வந்தது என்று, தன் சம்பளச் சீட்டில் வைப்பு நிதி எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காதவர்கள் தர்க்கம் செய்தார்கள். தமிழக அரசு விசாரணைக் குழுவே அமைத்தது. அந்த மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. தம்பதியர் 2016-லேயே பதிவுத் திருமணம் செய்திருக்கிறார்கள், விதிமீறல் இல்லை என்றது. எண்ணிய விரல்களை நாம் மடக்கிக்கொண்டோம். ஒரு தாயை வாயில் போட்டு மென்றோமே என்று ஒருவராவது வருத்தம் சொன்னோமா?

2020: இரண்டு செய்திகள்

இதைவிடக் கொடுமையானது 2020-ஆம் ஆண்டின் கதை. அதை நாம் மறக்கவே கூடாது.

அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. வேலை போயிற்று, கூலி போயிற்று, லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தே ஊருக்குப் புறப்பட்டார்கள். மே 8 அன்று விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்தார்கள். தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளை நாடே பார்த்தது. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு அந்தப் படம் இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை.

ஜூன் 14 அன்று பாந்திராவில் சுசாந்த் சிங் ராஜ்புத் என்ற இந்தி நடிகர் தம் வீட்டில் இறந்து கிடந்தார். இளம் வயது. அவருடைய தகப்பனாரின் துயரம் துயரம்தான். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தொலைக்காட்சிகள் அந்தச் சாவை என்ன செய்தன? அவரோடு பழகிய ரியா சக்கரவர்த்தி என்ற நடிகையைப் பிடித்துக் கூண்டில் ஏற்றின. பணம் தின்றவள் என்றார்கள், விஷம் வைத்தவள் என்றார்கள், வங்காளத்துப் பெண்கள் சூனியக்காரிகள் என்று கூடப் பேசினார்கள். மூன்று மாதம் இரவும் பகலும் இதே பேச்சு. செப்டம்பர் 8 அன்று போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அந்தப் பெண்ணைக் கைது செய்தது. ஏறத்தாழ ஒரு மாதம் சிறை. அக்டோபர் 7 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. பிரபலமானவர் என்பதற்காக ஒருவருக்குத் தனிச் சலுகையும் கிடையாது, தனிச் சுமையும் கிடையாது என்ற கருத்தை நீதிபதி அந்த உத்தரவில் எழுதினார். கொலைக்கு இடமில்லை என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் அந்த மாதமே சொன்னார்கள். 2025 மார்ச்சில் சி.பி.ஐ.யும் வழக்கை முடித்துக்கொள்ளும் அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது.

இப்போது மற்றச் செய்தியைக் கேளுங்கள். அதே செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி, ஊரடங்கில் இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படிப்பட்ட புள்ளிவிவரம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. சில நாளில், தொழிலாளர் சிறப்பு ரயில்களில் மட்டும் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் சொன்னார்.

நம் சாவைக் கணக்கெடுக்காத அந்த மாதத்தில், ஒரு நடிகை யாருக்கு என்ன செய்தி அனுப்பினாள் என்பதை வரி வரியாகப் படித்துக் காட்டினார்கள். நாம் என்ன செய்தோம்? அமைச்சகத்தின் பதில் வந்த அன்று நம் தெருவில் ஒரு கூட்டம் கூடியதா? இல்லை. ரியா குற்றவாளியா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தோம். செத்தவன் நம் ஆள். நாம் அழுதது அடுத்தவன் வீட்டு வாசலில்.

எதைக் கேட்க வேண்டும்?

சில தோழர்கள் இங்கே மறுத்துப் பேசுவார்கள். “அவர்கள் சுரண்டுகிறவர்கள். அவர்கள் வீட்டு ஒழுங்கீனத்தை அம்பலப்படுத்துவதும் வர்க்கப் போராட்டம்தானே?” என்பார்கள். இல்லை தோழரே. ஒரு முதலாளி மனைவியோடு ஒழுங்காக வாழ்ந்தால் அவன் கொடுக்கும் கூலி உயர்ந்துவிடுமா? பத்தினி விரதம் காக்கும் முதலாளி பஞ்சப்படியைச் சேர்த்துத் தருவானா? அவன் படுக்கையறையில் நமக்குப் பங்கு இல்லை. அவன் கணக்குப் புத்தகத்தில் பங்கு இருக்கிறது. பங்குள்ள இடத்தை விட்டுவிட்டுப் பங்கில்லாத இடத்தை எட்டிப் பார்ப்பதில் அவனுக்குத்தான் லாபம்.

இன்னும் சிலர் கேட்பார்கள்: “அவர்களே கல்யாணத்தைப் படம் பிடித்து விற்கிறார்களே, நாம் பேசக் கூடாதா?” பேசலாம். எதைப் பேச வேண்டும் என்பதுதான் கேள்வி.

2024 ஜூலை 12 அன்று அம்பானி வீட்டுத் திருமணம் பாந்திரா குர்லா வளாகத்தில் நடந்தது. தாராவிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே மித்தி ஆறு ஒன்றுதான். ஜூலை 15 வரை நான்கு நாள் அந்தப் பக்கத்துச் சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். அதற்கு முன்பு ஜாம்நகரில் நடந்த கொண்டாட்டத்துக்காக அந்த ஊர் விமான நிலையத்துக்குப் பத்து நாள் சர்வதேச அந்தஸ்தே கொடுத்தார்கள். மணமக்கள் உருவத்தையும் உடல் எடையையும் பற்றி நம்மவர்கள் பேசிய பேச்சு காது கூசியது. அந்தப் பிள்ளைகள் யாரைக் கட்டினால் நமக்கு என்ன? நல்லபடியாக வாழட்டும். ஊர்ச் சாலையை ஒரு வீட்டு விசேஷத்துக்கு யார் திருப்பிவிட்டது, தினக்கூலிக்காரனுக்கு அந்த நாலு நாள் நட்டத்தை யார் கொடுப்பது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்த ஆண்டு மார்ச்சிலிருந்தே தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கணக்கெடுப்பு அது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதைத் தாள் காட்டி நிரூபிக்கும் தரைத்தளக்காரருக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்று அறிவித்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வழி வேறு, இடமும் வேறு. முப்பது வருடம் உழைத்துக் கட்டிய குடித்தனம் ஒரு துண்டுக் காகிதத்தில் தொங்கியது. அன்றைக்கு நம் கையில் இருந்தது கல்யாணப் படம்.

நம் சங்கத்தில் நடந்தது

கடைசியாக, சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்கிறோம். மற்றவர்களை நோக்கி நீட்டிய விரல் நம் வீட்டுக்குள்ளேயே எப்படித் திரும்பும் என்பதற்கு இது சாட்சி.

நம் சங்கத்துக்கு ஒரு மனு வந்தது. பதினான்கு கையெழுத்து. நம் பகுதியைச் சேர்ந்த, வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை வேறு சாதிப் பையனோடு ரயில் நிலையத்தில் பார்த்தார்களாம். தகப்பனாரைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டுமாம். இது நம் வேலையல்ல என்று அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நாம் கமிட்டியைக் கூட்டினோம். வருட ஆரம்பத்தில் தவறாமல் சந்தா கட்டும் அந்தப் பெரியவர் நம் முன்னால் தலை குனிந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

“அண்ணாச்சி, எங்கிட்ட 2000-க்கு முந்தின தாள் ஒண்ணும் இல்ல, அதுக்கு என்ன வழின்னு கேட்டு நான் மூணு தடவ இந்த ஆபீசுக்கு வந்தேன். அன்னைக்கெல்லாம் கமிட்டி கூடலியே?”

நமக்குப் பதில் இல்லை. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். சில வாரத்தில் குடும்பமே வீட்டைக் காலி செய்துகொண்டு தொலைவில் போய்விட்டது. கணக்கெடுக்க வந்தபோது அந்த வீட்டில் அவர்கள் இல்லை.

தோழர்களே! பணக்காரனைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பு அவன் வீட்டுக் கண்ணாடியைக்கூட அசைக்காது. வக்கீல் உண்டு, காவல் உண்டு, போய் இருக்க வேறு நாடும் உண்டு. நம் பெண்ணின் மேல் விழும் தீர்ப்போ கழுத்தில் விழுகிறது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்களே, அவர் செய்த குற்றம் என்ன? சாதி பாராமல் ஒரு பெண்ணை மணந்தது. பெரிய வீட்டில் நடந்தால் காதல் என்று கைதட்டுகிறோம். நம் தெருவில் நடந்தால் மானம் போயிற்று என்கிறோம். அரிவாள் முதலில் தீட்டப்படுவது பட்டறையில் அல்ல, இப்படிப்பட்ட பேச்சில்தான். தந்தை பெரியாரின் தலைமையில் சுயமரியாதை இயக்கம் 1929-இல் செங்கற்பட்டு மாநாடு கூட்டிப் பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த மண்ணிலிருந்து வந்த நாம் இங்கே வந்து ஊர்ப் பஞ்சாயத்து நடத்தலாமா?

ஆகவே வருகிற பொதுக்குழுவில் நாம் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவருகிறோம். ஒன்று: வயது வந்த ஆணும் பெண்ணும் யாரோடு பழகுகிறார்கள், யாரை மணக்கிறார்கள், ஏன் பிரிகிறார்கள் என்பது பற்றிய மனு எதையும் சங்கம் வாங்காது. அடி, மிரட்டல், வரதட்சணைக் கொடுமை என்று பாதிக்கப்பட்டவரே வந்தால் மட்டும் துணை நிற்கும், காவல் நிலையம் வரைக்கும் கூடப் போகும். இரண்டு: குடியிருப்புத் தாள், ரேஷன் அட்டை, வைப்பு நிதி ஆகியவற்றுக்கு மனு எழுதித் தர வாரம் இரண்டு மாலை சங்க அலுவலகம் திறந்திருக்கும். மூன்று: அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிப் போய்க் கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவருடைய தாள் விஷயத்தைச் சங்கம் தன் செலவில் எடுத்து நடத்த வேண்டும்.

மூன்றாவதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பதினான்கு கையெழுத்துக்காரர்களும் பொதுக்குழுவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வந்து எதிர்த்துப் பேசட்டும். ஆனால் வரும்போது அவரவர் வீட்டுத் தாளையும் எடுத்து வரட்டும். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.