ஒப்பந்தம் மட்டும் போதாது

2018ம் ஆண்டு மே மாதம் 23ந் தேதியைக் கர்நாடகத்தில் வாழும் நாம் எளிதில் மறந்துவிட முடியாது. அன்று மாலை விதான சௌதாவின் முன் திரு. குமாரசாமி முதன்மந்திரியாகப் பதவி ஏற்றார். அதே நாளில் ரோமாபுரியில், பாராளுமன்ற அங்கத்தினராகக்கூட இல்லாத சட்டப் பேராசிரியர் ஜியுசெப்பே கோன்டேயை மந்திரிசபை அமைக்குமாறு இத்தாலிய ஜனாதிபதி மட்டரெல்லா அழைத்தார். இங்கே தேர்தல் முடிவு வெளிவந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. அங்கே வாக்குப்பதிவு முடிந்து எண்பது நாட்கள் ஓடிவிட்டிருந்தன.

ஆயினும் இரண்டு ஆட்சிகளுக்கும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றுதான். பதினைந்து மாதம் நிறைவதற்குள் இரண்டும் கவிழ்ந்தன. அவசரமாகக் கூடிய ஆட்சி கவிழ்ந்ததில் வியப்பில்லை. நிதானமாகப் பேசி, ஒப்பந்தம் எழுதி அமைத்த ஆட்சியும் ஏன் கவிழ்ந்தது என்பதே சிந்திக்க வேண்டிய விஷயம்.

2018 மார்ச் 4ல் நடந்த இத்தாலியத் தேர்தலில் வலதுசாரி அணிக்கு 37 சதவிகித வாக்குகளும், தனிக்கட்சியான ஐந்து நட்சத்திர இயக்கத்துக்கு ஏறத்தாழ 33 சதவிகித வாக்குகளும் கிடைத்தன. அதுவரை ஆண்ட ஜனநாயகக் கட்சி 19 சதவிகிதத்துக்குச் சரிந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்நாட்டில் மந்திரிசபை கீழ்ச்சபை, செனட் ஆகிய இரண்டின் நம்பிக்கையையும் பெற்றாக வேண்டும் என்பதால் சிக்கல் இரட்டிப்பாகியது.

ஜனாதிபதி பதறவில்லை. எல்லாக் கட்சிகளையும் வரிசையாக அழைத்துப் பேசினார். வழி காணுமாறு செனட் தலைவரையும், பிறகு கீழ்ச்சபைத் தலைவரையும் அனுப்பிப் பார்த்தார். பழைய மந்திரிசபை அன்றாட அலுவல்களைக் கவனித்து வந்தது. கடைசியில் ஐந்து நட்சத்திர இயக்கமும், வலதுசாரி அணியிலிருந்த லீகா கட்சியும் கைகோத்து, தங்கள் திட்டங்களை ஒப்பந்தமாக எழுதி வெளியிட்டன. இரு கட்சிகளும் தம் ஆதரவாளர்களிடம் அதற்குச் சம்மதமும் கேட்டுப் பெற்றன. பொது நாணயமான யூரோவைக் குறைகூறி வந்த பாவ்லோ சவோனாவை நிதிமந்திரியாக்க ஜனாதிபதி மறுத்தபோது பேச்சு ஒருமுறை முறிந்தது. அவருக்கு வேறு இலாகா என்று சமரசமாகி, ஜூன் 1ல் மந்திரிசபை பதவி ஏற்றது.

பொதுமக்கள் படித்துப் பார்க்கும்படி பேரத்தின் முடிவை அச்சில் வைத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு குறை இருந்தது. ஐந்து நட்சத்திரத்தார் விரும்பிய வறியோர் உதவித்தொகையும் அதில் இருந்தது. லீகா விரும்பிய வரிக் குறைப்பும் இருந்தது. அவரவர் விரும்பியதை அவரவர் எழுதிக்கொண்டனர். இருவரும் மோதக்கூடிய விஷயங்களையோ ஒத்திப் போட்டனர். டூரின் நகரிலிருந்து பிரான்சின் லியோன் நகருக்குப் போடும் ரயில் பாதை வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு, ‘முழுமையாக மறுபரிசீலனை செய்வோம்’ என்பதே ஒப்பந்தம் தந்த பதில். 2019 ஆகஸ்ட் 7ல் அதே பாதை பற்றி செனட்டில் இரு கட்சிகளும் எதிரெதிராக வாக்களித்தன. மறுநாளே லீகா தலைவர் சால்வினி புதிய தேர்தல் கேட்டார்.

ரயில் பாதை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். அவ்வாண்டு மே மாதம் நடந்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் லீகா 34 சதவிகித வாக்குகளைப் பெற்றது. கூட்டாளியோ 17 சதவிகிதத்துக்கு இறங்கியது. கூட்டாளியை விட்டுவிட்டால் லாபம் என்ற நிலை வந்தபின் காகித ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? ஆனால் சால்வினியின் கணக்கும் தப்பியது. ஐந்து நட்சத்திரத்தார் ஜனநாயகக் கட்சியுடன் சேர்ந்து, அதே கோன்டேயின் தலைமையில் செப்டம்பரில் மீண்டும் ஆட்சி அமைத்தனர்.

இங்கே நடந்ததையும் நினைவுகூர்வோம். 104 இடம் பெற்ற கட்சியின் தலைவர் திரு. எடியூரப்பாவுக்குப் பெரும்பான்மையை நிரூபிக்கக் கவர்னர் 15 நாள் அவகாசம் தந்தார். சுப்ரீம் கோர்ட் குறுக்கிட்டதால் அவர் பதவியேற்ற மூன்றாம் நாளே விலகினார். பின்னர் வந்த கூட்டு மந்திரிசபையில் இலாகாப் பங்கீடு முடிந்து மந்திரிகள் பதவியேற்க ஜூன் 6 ஆயிற்று. பொதுத் திட்டம் வகுக்கக் குழு அமைந்தது அதற்கும் பிறகுதான். முதலில் நாற்காலி, பிறகு கொள்கை! கட்சித் தாவல் தடைச் சட்டம் இருந்தும், அங்கத்தினர்கள் ராஜினாமா என்ற கொல்லை வழியைக் கண்டுபிடித்தனர். 2019 ஜூலை 23ல் 99க்கு 105 என்ற வாக்குக் கணக்கில் ஆட்சி வீழ்ந்தது.

கூட்டு மந்திரிசபை பாவமல்ல. எந்தக் கட்சிக்கும் முழு அதிகாரம் தர மக்கள் விரும்பாதபோது, கூடி ஆளுங்கள் என்பதே அவர்கள் இடும் கட்டளை. அதைப் பேசி முடிக்க இரண்டு வாரம் கூடுதலாக ஆனால் வானம் இடிந்து விழாது. கட்சிகள் பதவி ஏற்கும் முன்பே பொதுத் திட்டத்தை வெளியிட வேண்டும். எதில் ஒத்துப்போகிறோம் என்பதுடன், எதில் வேறுபடுகிறோம், அந்த வேறுபாட்டை எப்படித் தீர்த்துக்கொள்வோம் என்பதையும் அதில் எழுத வேண்டும். யாரை முதலில் அழைப்பது என்பதில் கவர்னர்கள் ஊருக்கொரு நியாயம் பேசாமல் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

எண்பது நாள் பேசியும் கசப்பான கேள்வியை ஒத்திப் போட்டவர்களுக்கே அந்தக் கதி. எட்டே நாளில், எதையும் பேசாமல் கூடுகிறவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?