நாட்டியமும் செல்பேசியும்

மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் அரசினர் நடத்தும் நாட்டிய விழாவிலே, சபையோர் கையிலெல்லாம் செல்பேசி உயர்ந்து நிற்கிறது. பின்னிருப்போர் காண்பது அதன் முதுகைத்தான்! ஆயினும் நாம் அதைப் பழிக்கவில்லை. 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பேசும் படத்தோடு டி. பி. ராஜலக்ஷ்மி ஆடிக் காட்டிய குறத்தி நடனத்தை ஆராய விரும்புவோன் இன்று என் செய்வான்? பிரதி ஒன்றும் கிடைப்பதில்லை. 1948-இல் வெளிவந்த உதயசங்கரின் ‘கல்பனா’, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்றது. படச்சுருள் தங்கியிருந்தமையால் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பெற்று, 2012-இல் கான் திரைப்பட விழாவில் ஏறிற்று. இனி மாணாக்கன் ஓர் அசைவை நிறுத்தி, பின்னோட்டி, காலப்பிரமாணத்தைக் கணக்கிடலாம். செல்பேசித் துணுக்கிலோ முகம் தெரிந்தால் பாதம் இல்லை. பாதம் தெரிந்தால் நட்டுவாங்கம் கேட்பதில்லை. விழாவெடுக்கும் அரசினரே ஒவ்வொரு கச்சேரியையும் முழுமையாய்ப் பதிவு செய்து, செங்கற்பட்டு முதலான ஜில்லா நூலகங்களில் கட்டணமின்றிக் காணச் செய்தல் வேண்டும்.