ஹாரிக்காக ஒரு வழக்கு

அந்திரே தார்க்கோவ்ஸ்கியின் 'சோலரிஸ்' (1972) திரைப்படம் பற்றி எழுதுவோர் பலரும் அதனை மரணத்தை வென்ற காதலின் காவியம் என்றே முடிக்கின்றனர். இதனை என்னால் ஏற்க முடியவில்லை. கெல்வினின் கண்ணீரைப் பார்த்தவர்கள் ஹாரியின் சட்டையைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்.

சோலரிஸ் என்னும் கோளின் சமுத்திரம், தனக்கு மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்தில் உள்ளோரின் ஞாபகத்திலிருந்து ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. உளவியலாளன் கெல்வினிடம் வருபவள், தற்கொலை செய்து மௌத்தான அவனது மனைவி ஹாரி. அவளது சட்டையின் முதுகில் நாடா கோத்திருக்கிறது. ஆனால் அது அவிழாது; கத்தரிக்கோலால் வெட்டியே கழற்ற வேண்டியிருக்கிறது. சட்டையின் தோற்றம் கெல்வினின் ஞாபகத்தில் இருந்தது. அவள் அதை எப்படி அணிந்தாள், எப்படிக் கழற்றினாள் என்பது இல்லை. கூட வாழ்ந்தவளைக் கவனியாத ஒரு கணவனின் ஞாபகம் அது. முதலில் வந்தவளை அவன் ரொக்கட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான் என்பதையும் நமது காவிய விமர்சகர்கள் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள்.

மூல நாவலை (1961) எழுதிய போலந்து எழுத்தாளர் ஸ்டனிஸ்லாவ் லெம்மின் கோபம் வேறு. தார்க்கோவ்ஸ்கி 'சோலரிஸை' எடுக்கவில்லை, 'குற்றமும் தண்டனையும்' எடுத்துவிட்டார் என்பது அவரது முறைப்பாடு. மனித அறிவின் எல்லை பற்றிய தன் கேள்வி, ஒருவனின் குற்றவுணர்வுக்குள் சுருங்கிவிட்டதாக அவர் கருதினார். ஓரளவு நியாயந்தான். எனினும் லெம்மும் கெல்வினையே பார்த்தார். பிறருடைய ஞாபகத்தைத் தவிர வேறு கடந்தகாலம் இல்லாத ஒருத்தி தன்னை எப்படி அறிந்துகொள்வாள்? அறிவின் எல்லை இதைவிட வேறெங்கே இருக்கிறது?

கெல்வினைப் பிரிந்து ஒரு கணமும் இருக்க முடியாமல் உலோகக் கதவைக் கிழித்துக்கொண்டு வருகிறாள் அவள். இதைக் காதல் என்கிறார்கள். அவன் நினைத்தபடி மட்டுமே இருக்க விதிக்கப்பட்டவளின் சிறை என்பேன் நான். விஞ்ஞானி சாட்டோரியஸ் அவளை வெறும் பிரதி என்கிறான். அவளுக்கு றூஹ் உண்டா என்பது நம் தீர்ப்புக்குரியதல்ல. ஆனால் நூலகத்தில் தனியே அமர்ந்து புரூகலின் பனிக்கால ஓவியத்தை நெடுநேரம் பார்த்திருப்பவளைப் பிரதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னர் திரவ ஒட்சிசனைக் குடிக்கிறாள்; மீண்டும் உயிர் வருகிறது. கடைசியில் கெல்வினுக்கு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, தன்னை அழித்துவிடும்படி மற்ற இருவரையும் கேட்டுக்கொள்கிறாள். அவன் ஞாபகத்தில் இல்லாத ஹாரி அவள்.

2020இல் தென்கொரியத் தொலைக்காட்சியொன்று, நோயில் இறந்த சிறுமியைக் கணினியில் உருவாக்கித் தாயின் முன் நிறுத்தியது. கண்ணிலும் கைகளிலும் கருவிகளை மாட்டிக்கொண்டு தாய் வெறும் காற்றைத் தடவினாள். அந்தத் தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் வாயில் சொற்களை வைத்தவர்கள் யார்? இன்று இறந்தவரின் குரலில் பேசும் செயலிகள் விற்பனைக்கே வந்துவிட்டன. இவற்றைத் தொழில்நுட்பத்தின் கருணை என்று புகழ்பவர்கள் 'சோலரிஸின்' முடிவை இன்னொரு தடவை பார்க்கட்டும். கெல்வின் தந்தையின் வீட்டுக்கு வருகிறான். மழை வீட்டுக்குள் பெய்கிறது. தந்தையின் முதுகில் நீர் கொட்டுகிறது. அவர் அதை உணர்வதாகவே தெரியவில்லை. மகன் அவர் காலடியில் மண்டியிடுகிறான். கமரா மேலே போகப் போக, அந்த வீடு நிற்பது சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு தீவில்.