சாயத் தொட்டியா, இல்லையா? சாட்சி சொல்ல செங்கல் இல்லை!

திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்கள் பாண்டிச்சேரிப் பக்கம் போனால் எட்டிப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. அதுதான் அரிக்கமேடு!

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த இந்தத் துறைமுகம் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியோடு வியாபாரம் செய்தது. 1945-ல் தொல்லியல் துறைத் தலைவர் மார்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலி நாட்டு மண்பாண்டமும் மது ஜாடி ஓடுகளும் வந்தன. சுமார் 150 அடி நீளத்தில் ஒரு செங்கல் கட்டிடம் தெரிந்தது. அது சரக்குக் கிடங்கு என்றார் வீலர். செங்கல் தொட்டிகளும் தெரிந்தன! துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று அவர் கணித்தார்.

ஆனால் அதை அடித்துச் சொல்ல முடியவில்லை. சாயத் தொட்டிதானா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள்.

பெயர்த்த செங்கல்

காரணம் என்ன? ஊர் அழிந்தபின் செங்கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் பாண்டிச்சேரி வந்த பிரெஞ்சு வானியல் அறிஞர் லெ ழாந்தி, அப்போதே இதைக் குறித்து வைத்தார். "மண்ணுக்குள்ளே சும்மா கிடக்குது, எடுத்தா என்ன?" என்று எடுத்திருப்பார்கள். ஏழை ஜனங்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதன் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்று அங்கே போனால் கண்ணுக்குத் தெரிவது, 18-ம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் கட்டிய வீட்டின் இடிந்த சுவர்தான்!

நம்ம ஊர் கதை

திருப்பூரும் அந்த வழியில்தான் போகிறது. பனியனுக்கு முன்பு இது பருத்தி ஊர். அந்தக் காலத்து ஓட்டுக் கிடங்கு, ஜின்னிங் பேக்டரி எல்லாம் இடிந்தால், அந்த இடத்தில் நாளை காம்ப்ளெக்ஸ்தான்.

"பழைய சுவத்தை வெச்சு என்னங்க பண்றது?" என்று கேட்பார்கள். நியாயம்தான். செண்டு விலை விற்கிற விலையில், இடிக்காதே என்றால் யார் கேட்பார்கள்?

இடிக்கட்டும். ஆனால் இடிப்பதற்கு முன் நாலு போட்டோ, ஒரு அளவு வரைபடம், எந்த வருஷம் கட்டியது, உள்ளே என்ன மிஷின் ஓடியது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு. இதை வாங்கிக் கொண்டு இடிக்க அனுமதி கொடுத்தால் மாநகராட்சிக்குப் பெரிய செலவா?

அரிக்கமேட்டில் ஒருவர் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், இன்று வாதம் இல்லை. திருப்பூரில் எழுதத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

எழுதி வைப்பார்களா? அல்லது நம் பேரன்மார்களும் "இது என்ன தொட்டி?" என்று மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டியதுதானா?