தீக்கு இரையிட்டவர் யார்?

தீக்கு ஏழை, செல்வர் என்ற பேதம் தெரியாது என்பர். உண்மை! ஆனால், அத்தீக்கு இரையாகும் பொருளை எவர் வீட்டுச் சுவரில் போர்த்துவது என முடிவு செய்வோருக்கு அந்தப் பேதம் நன்றாகவே தெரியும்.

செல்வம் கொழிக்கும் இலண்டன் கென்சிங்டன் பகுதியில், எளிய மக்கள் வாழ்ந்த 24 அடுக்குப் பொதுக் குடியிருப்பு கிரென்ஃபெல் கோபுரம். 2017 சூன் 14ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. நான்காம் மாடியில், குளிர்பதனப் பெட்டி ஒன்றில் தோன்றிய தீ வெளிச்சுவரைப் பற்றியது. அரைமணி நேரத்திற்குள் உச்சியைத் தொட்டது. 72 உயிர்கள் மாண்டன.

விபத்து என்கின்றனர் சிலர். விபத்தா? வேதியியலைக் கேட்போம், தோழர்களே!

2016இல் முடிந்த சீரமைப்பில் அக்கட்டடத்திற்குப் போர்த்திய மேலாடை எது? இரு மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவே 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். கார்பனும் ஐதரசனும் கோத்த நெடுஞ்சங்கிலி அது. 130 டிகிரி செல்சியசு அளவிலேயே உருகி ஒழுகும். 400 டிகிரியைத் தாண்டினால் சங்கிலி துண்டு துண்டாய் அறுந்து, எரியும் ஆவியாகும். எடைக்கு எடை, மண்ணெண்ணெய்க்கு நிகரான வெப்பம் தரும். அதன் பின்னே பதித்த நுரைப்பலகையோ நைட்ரசன் கலந்த பாலிஐசோசயனுரேட். எரிந்தால் ஐதரசன் சயனைடு என்னும் நஞ்சைக் கக்கும்.

பிளாஸ்டிக்கே கூடாதென்கிறீரா எனக் கேட்பர். அல்ல! தீயைத் தாங்கும் கனிமம் கலந்த தகடும் அன்று சந்தையில் இருந்தது. அறிவியல் மாற்றுத் தந்தது. ஆதாய வேட்கை அதை ஒதுக்கியது. முதலில் திட்டமிட்ட துத்தநாகத் தகட்டை விடுத்து அலுமினியத்தை நாடியதால் மிச்சம், ஏறத்தாழ 2,93,000 பவுன்!

முன்னெச்சரிக்கை இல்லையா? இருந்தது. 2009இல் அதே இலண்டனில் லக்கனால் இல்லம் எரிந்து அறுவர் மாண்டனர். தீ விதிகளைத் தெளிவாக்குக என 2013இல் மரண விசாரணை அதிகாரி அரசுக்கு எழுதினார். விதிகளைக் குறைப்பதே ஆட்சித்திறன் எனக் கருதிய அரசு, கிரென்ஃபெல் எரியும்வரை அதை முடிக்கவில்லை. உயர்ந்த குடியிருப்புகளில் எரியக்கூடிய போர்வைக்குத் தடை வந்தது 2018இல். பிணங்களை எண்ணிய பிறகு!

அத்தனை மரணங்களும் தவிர்த்திருக்கக் கூடியவையே என்று 2024 செப்டம்பரில் விசாரணைக் குழு கூறிவிட்டது. பொருள் விற்றோரின் நேர்மையின்மையையும் அது அம்பலப்படுத்தியது.

மிச்சம் பிடித்த தொகையை 72ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் உயிருக்கு 4,070 பவுன்!

வெப்பம் பாலிமரின் சங்கிலியை அறுக்கும், அது இயற்கை. அச்சங்கிலியை ஏழையின் சுவரில் மாட்டியது இயற்கையன்று. தீயை அணைத்தால் மட்டும் போதாது. அதற்கு இரையிடும் கரத்தைத் தடுத்தாக வேண்டும்!