அதிர்ஷ்டக் கண் என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் பழவேற்காடு பக்கத்துக் குப்பங்களில் படகு கரையேறியதும் பெண்கள் இறால் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளை இறால் ஒரு கூடை, வரி போட்டது ஒரு கூடை, நண்டு தனி. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்குப் பிரிக்கும். பத்து வயசுப் பெண்ணை உட்கார வைத்தால் பாதி கலந்துவிடும். இத்தனைக்கும் வெள்ளெழுத்து வந்த அம்மா, ஊசி கோக்க அந்தப் பெண்ணைத்தான் கூப்பிடுகிறாள்!

பார்வை கூர்மையாவது ஒன்று. பார்த்ததை இனம் காண்பது இன்னொன்று. பிறந்த குழந்தைக்கு எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம் வரைதான், அதுவும் மங்கலாகத் தெரியும். மடியில் கிடந்தால் அம்மா முகம் இருக்கும் தூரம். மூன்று நான்கு மாசத்தில் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும். ஐந்தாறு வயசுக்குள் கூர்மை ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும். இனம் காண்பதோ வளர்ந்துகொண்டே போகும். புது முகத்தை மனசில் பதித்துக்கொள்ளும் திறமை முப்பது வயசைத் தாண்டித்தான் உச்சத்துக்கு வருகிறதாம்.

கூர்மைக்குத்தான் அவசரம். ஒரு கண் மாறுகண்ணாகவோ, அதிகப் பவர் உள்ளதாகவோ இருந்தால் மூளை அதைச் சட்டை செய்யாமல் விட்டுவிடும். நல்ல கண் சமாளிப்பதால் குழந்தை சொல்லாது. பெரியவர்கள் "மாறுகண் அதிர்ஷ்டம்மா" என்பார்கள். ஏழு வயசுக்குள் வைத்தியம் செய்தால் பலன் அதிகம். அப்புறம் குறைந்துகொண்டே போகும்.

பவன் சின்ஹா என்ற விஞ்ஞானியின் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கையால் தடவிப் பார்த்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களுக்கு முதலில் தெரியவில்லை என்று 2011-ல் எழுதினார்கள். சில நாளில் அது தேறியது. ஆனால் இப்படித் தாமதமாகப் பார்வை பெற்றவர்களுக்குக் கூர்மை முழுசாக வருவதில்லை.

வீட்டிலேயே பாருங்கள். விளையாட்டாக ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், பிறகு மற்றதை. ஒன்றை மூடினால் மாத்திரம் சிணுங்கிக் கையைத் தட்டிவிட்டால், திறந்திருக்கும் கண்ணில் சந்தேகம். சிணுங்காவிட்டாலும் பள்ளிக்கூடம் சேர்க்குமுன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாள் கூடத் தாமதிக்காதீர்கள். பொன்னேரியில் ரயிலேறினால் சென்னை. 1819-லிருந்து இருக்கிற எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பெரும்பாலும் கண்ணாடி, அல்லது நல்ல கண்ணுக்குத் தினம் சில மணி நேரம் பட்டை. பிள்ளை பிய்த்துப் போடத்தான் செய்யும். அந்த நேரத்தில் பல்லாங்குழியை எடுத்துப் போட்டு சோழி எண்ணச் சொல்லுங்கள். பட்டை ஞாபகமே வராது.