பாண்டிக்கு அப்புறம் போலாம் மக்கா!

முதல் தடவையா பாண்டிச்சேரி போக வாரக்கடைசிக்கு பிளான் போடும் மக்களே, ஒரு நிமிஷம். கடற்கரைச் சாலை எங்கேயும் ஓடிப்போகாது. புதுக்கோட்டை பக்கம் சித்தன்னவாசல்ல ஒரு தாமரைக்குளம் கண்ணு முன்னாடியே கரைஞ்சுக்கிட்டு இருக்கு. அறிவர் கோயில் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டு பாண்டியர் கால ஓவியம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள்னு குளமே தலைக்கு மேல! (கழுத்து வலிக்கும், பரவாயில்லை.) நிறைய உதிர்ந்தாச்சு. தூணில் ஆடும் பெண்களை உத்துப் பார்த்தாதான் தெரியும்.

"அங்க வெயிலைத் தவிர என்னய்யா இருக்கு?"ன்னு கேட்கிறவரே, ஏழடிப்பட்டம் ஏறுங்க. சமணர் படுக்கையில் கிறிஸ்து பிறக்கும் முன்னே வெட்டின தமிழ் எழுத்து இருக்கு. பக்கத்துல உங்க பேரைக் கிறுக்காம இறங்கினா போதும்.

தண்ணி பாட்டில் முக்கியம். விதானத்துக் குளத்துல மொண்டு குடிக்க முடியாது :-)